அமீபாவைக் கொல்லும் அளவு

பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையை வாட்டிய எதிரிகளில் சீதபேதியும் ஒன்று. வெள்ளைச் சிப்பாய், நாட்டுச் சிப்பாய் என்ற வேறுபாடு பார்க்காமல் பாளையம் முழுக்க ரத்தமும் சளியுமாகப் போனது. படை மருத்துவர்கள் நம்பியிருந்த இபிகாக் வேரோ கையிருப்பில் தீர்ந்துவிட்டது. அது தென்னமெரிக்காவின் பிரேசிலில் விளைந்து, ஐரோப்பா சுற்றிக் கப்பலில் வர வேண்டிய சரக்கு. அந்த நெருக்கடியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். கம்பெனிக்காரர்கள் 'கறுப்பு டாக்டர்கள்' என்று அழைத்த நாட்டு வைத்தியர்களிடம் போனவர்கள், தன்னிடம் வந்தவர்களைவிட அதிகமாகத் தேறினார்கள்.

வைத்தியர்கள் கொடுத்தது நஞ்சறுப்பான் கொடியின் வேர். சோழமண்டலக் கரையில் வேலியோரம் படரும் கொடி அது. அவர்களிடம் கற்றுக்கொள்ள ஆண்டர்சன் வெட்கப்படவில்லை. அதே வேரைத் தன் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பலன் கண்டார். பிற்காலத்தில் மதராஸின் தலைமை மருத்துவராகி, சைதாப்பேட்டையில் சாயப்பூச்சி வளர்க்கக் கள்ளித் தோட்டம் போட்டவர் இவர்தான். இந்த அனுபவத்தை அவர் டாக்டர் ரஸ்ஸல் என்பவரிடம் சொல்ல, தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ அதைத் தன் இந்தியத் தாவர நூலில் எழுதிவைத்தார். 1868-இல் வெளியான இந்திய மருந்துத் தொகுப்பிலும் நஞ்சறுப்பானுக்கு இடம் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் ஆய்வகங்கள் இந்தக் குடும்பத்துக் கொடிகளின் ஆல்கலாய்டுகளைச் சோதித்தபோது, இபிகாக் வேரிலுள்ள எமிட்டினைப் போலவே அவையும் உயிரணுக்களில் புரத உற்பத்தியை முடக்குவது தெரிந்தது. வைத்தியர்கள் குருட்டாம்போக்கில் மாற்றுச் சரக்கைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இபிகாக்கின் சொந்தக் கதையில் இதைவிட நாடகம் அதிகம். பிரேசில் பூர்வகுடிகள் பயன்படுத்திவந்த அந்த வேரை, 1648-இல் வெளியான பிரேசில் இயற்கை வரலாற்று நூலில் வில்லெம் பீசோ என்ற டச்சு மருத்துவர் ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தார். பாரிஸில் அதை வைத்துப் பணம் பார்த்தவர் அட்ரியன் ஹெல்வெட்டியஸ். வேரின் பெயரை வெளியே சொல்லாமல் ரகசிய மருந்தாக விற்றார். பதினான்காம் லூயி மன்னரின் மகனுக்கே அது குணம் தந்தது என்ற பேச்சு பரவியது. 1688-இல் அரசு 1,000 தங்க லூயி நாணயம் கொடுத்து ரகசியத்தை வாங்கி, எல்லோருக்கும் பொதுவாக்கியது.

ரகசியம் வெளியானது, அளவு மட்டும் பிடிபடவில்லை. இபிகாக் வாந்தி எடுக்கவைக்கும் மருந்து. கொஞ்சமாகக் கொடுத்தால் நோய் கேட்கவில்லை, நிறையக் கொடுத்தால் நோயாளி அதைக் கக்கிவிட்டார். முதலில் அபின் கரைசலைப் புகட்டி, படுக்கவைத்து, தண்ணீர் குடிக்கவிடாமல் பிறகு வேர்ப்பொடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பொறுமை இழந்தவர்கள் பாதரச உப்பான கலோமலுக்குத் தாவினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதராஸில் பணியாற்றிய ஜேம்ஸ் ஆன்ஸ்லி, கலோமலைப் பெரிய அளவில் கொடுப்பதை ஆதரித்து எழுதிய நூல்கள் இந்தியா முழுதும் படிக்கப்பட்டன. பாதரசம் ஈறுகளைப் புண்ணாக்கும், எச்சிலை ஒழுகவிடும்; பேதியைப் பெருக்கவும் செய்யும். 1858-இல் மொரீஷியஸிலிருந்து டாக்கர் என்ற ராணுவ மருத்துவர், பெரிய அளவு இபிகாக் உயிர்களைக் காப்பாற்றுகிறது என்று எழுதிய பிறகு அந்த வேர் மீண்டும் மேலே வந்தது.

இருந்தும் ஒரு புதிர் தீரவில்லை. ஒரே மருத்துவமனையில், அடுத்தடுத்த கட்டில்களில், ஒரே மருந்து ஒருவரைக் குணப்படுத்தியது. இன்னொருவரைத் தொடக்கூட இல்லை.

விடை நுண்ணோக்கியில் இருந்தது. 1875-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபியோதர் லோஷ், தீராத சீதபேதியோடு வந்த ஒரு விவசாயியின் மலத்தில் ஊர்ந்து திரியும் அமீபாக்களைப் பார்த்தார். 1880-களில் எகிப்தில் ராபர்ட் காஃக் குடல் சுவர்களிலும், கார்ட்டுலிஸ் கல்லீரல் கட்டிகளிலும் அதே உயிரியைக் கண்டார்கள். 1897-இல் ஜப்பானின் கியோஷி ஷிகா, சீதபேதியை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். ஆக, சீதபேதி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு நோய்கள் ஒளிந்திருந்தன. இபிகாக் அமீபாவைக் கொல்லும். ஷிகாவின் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களின் புதிர் இதுதான். அமீபாவுக்கு 1903-இல் ஷாவுடின் இட்ட பெயர் எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகா. திசுவைக் கரைக்கும் அதன் வேலையே பெயராகிவிட்டது.

ஆனால் அமீபா இருந்தாலே நோய் வந்துவிடுமா? இதை அறிய, அமெரிக்க ஆட்சியில் இருந்த மணிலாவின் பிலிபிட் சிறைச்சாலையில் வாக்கரும் செல்லார்ட்ஸும் ஒரு சோதனை நடத்தி 1913-இல் முடிவை வெளியிட்டார்கள். 20 கைதிகளுக்கு அமீபாவை உணவோடு உட்கொள்ளக் கொடுத்தார்கள். 18 பேருக்குத் தொற்றியது. சீதபேதி வந்ததோ 4 பேருக்குத்தான். இன்றைய மருத்துவ அறம் இப்படியொரு சோதனையை வாசலிலேயே தடுத்திருக்கும். ஆனால் அன்று கிடைத்த பாடத்துக்கு இன்றும் வேலை இருக்கிறது: குடலில் ஒட்டுண்ணி இருப்பது வேறு, ஒட்டுண்ணியால் நோய்ப்படுவது வேறு.

அதே மணிலாவில்தான் எட்வர்ட் வெட்டர் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், மிகவும் நீர்த்த எமிட்டின் கரைசல்கூட அமீபாவைக் கொல்வதைக் காட்டினார். எமிட்டின் புதிய சரக்கல்ல. பெல்லத்தியேவும் மஜாந்தியும் அதை இபிகாக்கிலிருந்து 1817-லேயே பிரித்திருந்தார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த அந்தப் பொருளை, 1912-இல் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் ஊசியில் ஏற்றினார். வாய்வழியே போனால்தானே வாந்தி என்று யோசித்து, எமிட்டின் ஹைட்ரோகுளோரைடைத் தோலுக்கு அடியில் செலுத்தினார். சாகக் கிடந்தவர்கள் ஓரிரு நாளில் எழுந்து உட்கார்ந்தார்கள். கல்லீரல் கட்டிக்கு வயிற்றைக் கீறிச் சீழ் எடுக்கும் சிகிச்சையும் குறையத் தொடங்கியது.

கூடவே விலையும் தெரியவந்தது. எமிட்டின் அமீபாவின் புரத உற்பத்தியை மட்டும் நிறுத்துவதில்லை, மனித இதயத் தசையிலும் அதே வேலையைச் செய்யும். அது மெதுவாக வெளியேறுவதால் இன்று போட்ட ஊசி நேற்றைய ஊசியோடு சேர்ந்துகொள்ளும். அதனால் எடைக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம், எவ்வளவு கனமான ஆளானாலும் நாளொன்றுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் இல்லை, பத்து நாளைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். நோயாளி படுக்கையை விட்டு எழக் கூடாது. நாடி வேகம் பிடித்தால் ஊசியை நிறுத்த வேண்டும். அமீபா மருந்துகளின் வரலாற்றில் 'எவ்வளவு' என்ற கேள்விக்கு முதன்முதலாகக் கறாரான பதில் கிடைத்தது இங்கேதான்.

ஊசி இல்லாமல், இதயத்தைத் தொடாமல், வாயில் போட்டு விழுங்கும் மருந்து கிடைக்காதா என்ற தேடல் அதோடு தொடங்கியது. முதல் உலகப் போரின்போது எமிட்டினைப் பிஸ்மத்தோடும் அயோடினோடும் சேர்த்து மாத்திரையாக்கிப் படைவீரர்களுக்குக் கொடுத்தார்கள், வாந்தி விட்டபாடில்லை. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ரா நாட்டு மருந்துகளின் பக்கம் திரும்பினார். ஆயுர்வேதமும் சித்தமும் சீதபேதிக்குச் சொல்லிவந்த குடசப்பாலைப் பட்டையை எடுத்து, அதன் ஆல்கலாய்டுகளை 1920-களில் ஆராய்ந்தார். குர்ச்சி என்ற வடஇந்தியப் பெயரில் அது மருத்துவமனைகளுக்குள்ளும் நுழைந்தது. எமிட்டினைவிடச் சாது, ஆனால் அவ்வளவு வேகம் இல்லை.

சீதபேதி ஏழை நாடுகளின் நோய் என்ற நினைப்பை 1933-இல் சிகாகோ உடைத்தது. உலகக் கண்காட்சிக்கு வந்து அங்கே பெரிய ஹோட்டல்களில் தங்கியவர்கள் ஊர் திரும்பிய பிறகு ஒவ்வொருவராக விழுந்தார்கள். கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் கலந்திருந்ததைப் பின்னர் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 1,400 பேர் நோயுற்றார்கள், 98 பேர் இறந்தார்கள். பல ஊர்களின் மருத்துவர்களுக்கு அமீபா என்ற நினைப்பே வரவில்லை. குடல்வால் வீக்கம் என்று அறுவைசிகிச்சை செய்யப்பட்டவர்களும் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1934-இல், சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் எண்டரோ-வையோஃபார்ம் என்ற மாத்திரையைச் சந்தைக்கு அனுப்பியது. உள்ளே இருந்தது கிளியோகுவினால். குடலிலேயே வேலை செய்துவிட்டு வெளியேறிவிடும், ரத்தத்தில் கலக்காது என்றார்கள். அமீபாவுக்கென்று வந்தது, நாளடைவில் எந்த வயிற்றுப்போக்குக்கும் போடும் மாத்திரையானது. வெப்ப நாடுகளுக்குப் புறப்பட்ட பயணிகள் பற்பசையோடு அதையும் பெட்டியில் வைத்தார்கள். அர்ஜென்டினாவிலிருந்து 1935-லேயே நரம்புக் கோளாறு பற்றிய எச்சரிக்கை வந்தது. 1965-இல் சுவிஸ் கால்நடை மருத்துவர் ஒருவர், இதைக் கொடுத்த நாய்களுக்கு வலிப்பு வருவதாக எழுதினார். சந்தை எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜப்பானில் 1955-க்குப் பிறகு ஒரு விசித்திர நோய் தலைகாட்டியது. முதலில் வயிற்று வலி, பேதி. பிறகு பாதங்களில் மரமரப்பு. அது மெல்ல மேலேறும். கால்கள் துவளும், சிலருக்குப் பார்வையே போகும். அதற்கு ஸ்மோன் என்று பெயரிட்டார்கள். வைரஸ் என்ற சந்தேகம் பரவியதால் நோயாளிகளை ஊரும் உறவும் ஒதுக்கின, சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். நாவிலும் சிறுநீரிலும் தெரிந்த பச்சை நிறம் 1970-இல் துப்புக் கொடுத்தது. அந்தப் பச்சை, இரும்போடு சேர்ந்த கிளியோகுவினால். ரத்தத்தில் கலக்காது என்று சொல்லப்பட்ட மருந்து சிறுநீரில் வந்து நின்றது. நீகாட்டா பல்கலைக்கழகத்தின் ததாவோ சுபாகி நோயாளிகளின் மருந்துச் சீட்டுகளைத் திரட்டித் தொடர்பை நிறுவினார். அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு விற்பனையை நிறுத்தியதும் புதிய நோயாளிகள் வருவது சட்டென்று வடிந்தது. அதற்குள் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

இதில் கொடுமையான முடிச்சு ஒன்று உண்டு. நோயின் முதல் அறிகுறி வயிற்றுக் கோளாறு, வயிற்றுக் கோளாறுக்கு மருந்து கிளியோகுவினால். எனவே மருந்தால் வந்த நோய்க்கு அதே மருந்தை இன்னும் கூடுதலாகக் கொடுத்தார்கள், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். அவர்களில் பெரும்பாலோருக்கு அமீபா இருந்ததா என்று யாரும் பார்க்கவே இல்லை. 1978-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் நிறுவனங்களையும் அரசையும் பொறுப்பாளிகள் என்றது. ஸ்வீடனில் குழந்தை நரம்பியல் மருத்துவர் ஓலே ஹான்சன் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்தால், 1980-களின் நடுவில் நிறுவனமே உட்கொள்ளும் கிளியோகுவினாலை உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. குழந்தைகளின் பேதி மருந்தில் இந்தக் குடும்ப வேதிப்பொருள்களைச் சேர்ப்பதை இந்தியாவும் தடை செய்தது.

இன்று மருந்துக் கடைகளில் நிறைந்திருக்கும் மெட்ரோனிடசோல் வேறு வழியாக வந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1953-இல் மண் நுண்ணுயிரிகளிலிருந்து அசோமைசின் என்ற பொருளைப் பிரித்திருந்தார்கள். பிரெஞ்சு நிறுவனமான ரோன்-பூலாங்கில், ரீயூனியன் தீவு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியின் சாற்றிலும் அதே பொருள் தென்பட்டது. அதை மாதிரியாக வைத்துச் செய்த பல வேதிப்பொருள்களில் ஒன்று நஞ்சு குறைவாகவும் வீரியம் அதிகமாகவும் இருந்தது. கோசாரும் ஜூலூவும் 1959-இல் அதன் திறனை வெளியிட்டார்கள். பிளாஜில் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. அவர்களின் இலக்கு அமீபா அல்ல, பெண்களின் பிறப்புறுப்பில் தொற்றும் டிரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணி.

இந்த மருந்தின் சூட்சுமம் எளிது. உடலுக்குள் போகும்போது அதற்கு வீரியம் இல்லை. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் உயிரிகள் தங்கள் வளர்சிதை மாற்றத்தில் அதற்கு எலெக்ட்ரானைக் கொடுத்துவிடுகின்றன. அப்போதுதான் அது நஞ்சாகி அந்த உயிரியின் மரபணு இழைகளை அறுக்கிறது. திருடனின் கைச்சாவியாலேயே அவன் வீட்டைப் பூட்டுகிற வேலை. ஆக்சிஜனை நம்பி வாழும் மனித உயிரணுக்களில் இது பெரிதாக நடப்பதில்லை. எமிட்டினுக்கு அமீபாவும் மனிதரும் ஒன்று. மெட்ரோனிடசோலுக்கு அந்த வேறுபாடு தெரியும்.

1966-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ஆய்வாளர்கள் பவல், எல்ஸ்டன்-டியூ முதலானோர், இந்த ஒரே மாத்திரை அமீபா சீதபேதியையும் கல்லீரல் கட்டியையும் குணமாக்குவதை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஊசியும் படுக்கைக் கட்டுப்பாடும் தேவையற்றுப் போயின. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியால் வரும் பேதிக்கும் இதே மாத்திரை பயன்பட்டது. டெல்ஃப்ட் நகர லேவன்ஹூக் 1681-இல் தன் மலத்தையே ஆராய்ந்தபோது கண்டது இந்த ஜியார்டியாவைத்தான் என்று கருதப்படுகிறது. பிறகு வந்த டினிடசோல், ஜியார்டியா சிகிச்சையைப் பெரியவர்களுக்கு ஒரே வேளை 2 கிராமாகச் சுருக்கியது.

ஆனால் மெட்ரோனிடசோலின் பலமே அதன் குறையும். அது மேற்குடலிலேயே நன்றாக உறிஞ்சப்பட்டு ரத்தம் வழியாகத் திசுக்களுக்குப் போய்விடுகிறது. பெருங்குடலின் உள்வெளியில் தங்கியிருக்கும் அமீபா தப்பித்துக்கொள்ளும். பேதி நின்ற ஆள் அமீபாவின் உறை வடிவமான கூடுகளை மலத்தில் வெளியேற்றிக்கொண்டே இருப்பார்; வீட்டில் அடுத்தவருக்கு வரும், அவருக்கே மறுபடி வரும். அதனால் சிகிச்சை இரண்டு கட்டமானது. பெரியவர்களுக்கு வழக்கமாக 500 முதல் 750 மில்லிகிராம் மெட்ரோனிடசோல் தினம் மூன்று வேளை, 7 முதல் 10 நாள். அதற்குப் பிறகு குடலுக்குள்ளேயே வேலை செய்யும் டைலாக்சனைடு ஃபியூரோயேட் 500 மில்லிகிராம் மூன்று வேளை, 10 நாள், அல்லது பரோமோமைசின். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து அளவு. பேதி நின்றதும் பாதியில் விட்டுவிடுவதும் இரண்டாம் மருந்தை மறப்பதும்தான் அடிக்கடி நடக்கும் தவறுகள்.

இன்னொரு பக்கம், பேதியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கிருமியே அல்ல, உடலின் நீர்வற்றல் என்பதை வங்கம் காட்டியது. 1971 வங்கதேசப் போரின்போது போன்காவ் அகதிகள் முகாமில் திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்மில் கரைத்துவைத்து உறவினர்களையே புகட்டச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அது காலரா, அமீபா அல்ல. ஆனால் எந்தப் பேதிக்கும் முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல், மாத்திரை அடுத்த யோசனை என்ற ஒழுங்கு அங்கிருந்து பரவியது. ரத்தம் கலந்து போகும் குழந்தைக்கும் உலக சுகாதார நிறுவனம் முதலில் ஷிகாவின் பாக்டீரியாவைத்தான் சந்தேகிக்கச் சொல்கிறது. ரத்த அணுக்களை விழுங்கிய அமீபா நுண்ணோக்கியில் தெரிந்தால், அல்லது பாக்டீரியாவுக்கான மருந்துகள் பலிக்காமல் போனால்தான் மெட்ரோனிடசோல்.

பிலிபிட் சிறையின் மீதிக் கணக்கை 1993-இல் டயமண்டும் கிளார்க்கும் தீர்த்தார்கள். தோற்றத்தில் அச்சாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு அமீபாக்கள் உண்டு. ஒன்று திசுவைக் கரைக்கும் ஹிஸ்டாலிட்டிகா, மற்றது தீங்கற்ற டிஸ்பார். பிரெஞ்சு ஆய்வாளர் புரூம்ப்ட் 1925-லேயே இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அமீபா உள்ளவர்களில் பெரும்பாலோர் சுமப்பது டிஸ்பாரைத்தான். 1997-இல் மெக்சிகோ நகரில் கூடிய நிபுணர்கள், டிஸ்பார் மட்டும் இருந்தால் மருந்து வேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். மலப் பரிசோதனைச் சீட்டில் கூடு என்று ஒரு வரி வந்ததற்காக மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை மாத்திரை விழுங்குபவர்களுக்கு இந்தப் பரிந்துரை இன்னும் போய்ச் சேரவில்லை.

நம் ஊர் மருந்துக் கடைகளில் வயிற்றுப்போக்கு என்று சொன்ன உடனே கைக்கு வருவது நார்ஃப்ளாக்சாசினும் டினிடசோலும், அல்லது ஆஃப்ளாக்சாசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த கூட்டு மாத்திரை. பாக்டீரியாவோ அமீபாவோ, ஏதோ ஒன்று சாகட்டும் என்ற கணக்கு. இரண்டும் ஒரே சமயத்தில் ஒருவருக்கு இருப்பது அபூர்வம், ஆகவே ஒரு மருந்து பெரும்பாலும் வீண். வீணான மருந்தும் உடம்பில் வேலை செய்யும். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையைத் தரும், சிறுநீரைக் கருக்கச் செய்யும்; இவை பயப்பட வேண்டியவை அல்ல. நீண்ட நாள் எடுத்தால் கை கால்களில் மரமரப்பு வரலாம். அது நிறுத்த வேண்டிய அறிகுறி. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும். மருந்து நாட்களிலும் முடிந்து 3 நாட்கள் வரையிலும் மது கூடாது என்பது வழக்கமான எச்சரிக்கை. கல்லீரல் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மெட்ரோனிடசோலுக்கு மாற்று தேடியவர்கள் 2012-இல் எதிர்பாராத ஒன்றில் தடுக்கினார்கள். அமெரிக்காவில் அஞ்சன் தேப்நாத் உள்ளிட்ட குழு, ஏற்கெனவே பழக்கத்திலுள்ள மருந்துகளை வரிசையாக அமீபாவின் மேல் சோதித்தபோது, முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் தங்க மருந்தான அவுரனோஃபின் மெட்ரோனிடசோலைவிட வீரியமாக இருந்தது. அதை அவர்கள் நேராக நோயாளிகளிடம் கொண்டுபோகவில்லை. அமீபா இல்லாத ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு, எழுதிப் பெற்ற சம்மதத்தோடு, தினம் 6 மில்லிகிராம் வீதம் 7 நாள் கொடுத்தார்கள். ரத்தத்தில் எவ்வளவு தங்கம் சேர்கிறது, குடலில் எவ்வளவு தங்குகிறது, உடலை விட்டு வெளியேற எத்தனை வாரம் ஆகிறது என்று அளந்து எழுதினார்கள். அதன் பிறகே பங்களாதேஷில் நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது.